ரேட்ஸ், வார்டு, கவுன்சில்: சாட்ஸ்வர்த்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெரியவர்கள் பலர் கையில் ஒரு கவரோடு வருவார்கள். லைட்-தண்ணி பில், ரேட்ஸ் என்று நாம் சொல்லும் சொத்து வரிக்கான வீட்டு மதிப்பு நோட்டீஸ், சில நேரம் கரண்டை வெட்டப்போவதாக எச்சரிக்கை. "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து டர்பனில் வேலை செய்கிறவர்களும் கேட்பார்கள். பல வருடமாகக் கேட்டதில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

"கவுன்சில், முனிசிபாலிட்டி, மெட்ரோ, எத்தெக்வினி… இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?"

நம்மைப் பொறுத்தவரை ஒன்றுதான். டர்பனையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஆளும் நகராட்சியின் பெயர் எத்தெக்வினி. தென்னாப்பிரிக்காவில் எட்டுப் பெருநகராட்சிகள் உண்டு; அவற்றைத்தான் மெட்ரோ என்கிறார்கள். எத்தெக்வினி அதில் ஒன்று. கவுன்சில் என்பது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்களின் சபை. 2021 தேர்தலில் இங்கே 111 வார்டுகள், மொத்தம் 222 கவுன்சிலர்கள். சபை தீர்மானிக்கிறது, அதிகாரிகள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் "கவுன்சில் வந்து குப்பை எடுத்தாச்சு" என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வோம். பேச்சுக்கு அது போதும். புகார் எழுதும்போது மட்டும் அந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

"எதுக்கெல்லாம் கவுன்சில்கிட்ட போகணும்? ஆஸ்பத்திரியில அஞ்சு மணி நேரம் உட்கார வெச்சாங்க, கவுன்சிலர்கிட்ட சொல்லலாமா?"

சொல்லலாம், ஆனால் அது அவர் கையில் இல்லை. தண்ணீர் வழங்குவது, சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, உள்ளூர் ரோடு, ரோபோட் (போக்குவரத்து விளக்கு), பூங்கா, நூலகம், கட்டட அனுமதி, போக்குவரத்தையும் நகராட்சி விதிகளையும் கவனிக்கும் மெட்ரோ போலீஸ் ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. ஆர்.கே.கான் போன்ற அரசு மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் மாகாண அரசுடையவை. போலீஸ் நிலையம், ஐ.டி. அட்டை, முதியோர் உதவித்தொகை எல்லாம் தேசிய அரசுடையவை. தவறான வாசலில் ஆறு மாதம் நின்றுவிட்டுச் சோர்ந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க வார்டு எது?"

சாட்ஸ்வர்த்தைப் பிரித்துக் கட்டியபோது ஒவ்வொரு பகுதிக்கும் கொடுத்த பழைய யூனிட் எண்ணும் வார்டு எண்ணும் ஒன்றல்ல. பேவியூவில் இருக்கிறீர்களா, வெஸ்ட்கிளிஃபில் இருக்கிறீர்களா என்பதை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. வார்டு எல்லைகளைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றி வரைவதுண்டு. அதனால் போன தேர்தலில் இருந்த வார்டே இப்போதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்காளராகப் பதிவு செய்தவர் என்றால் ஐ.டி. எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் உங்கள் பதிவு விவரம் வந்துவிடும்.

"ரெண்டு ஓட்டுச் சீட்டு கொடுத்தாங்களே, ஏன்? பி.ஆர். கவுன்சிலர்னா யாரு?"

ஒரு சீட்டில் உங்கள் வார்டுக்கு நிற்கும் ஆளுக்கு ஓட்டு. கட்சி சார்பாகவும் நிற்கலாம், சுயேச்சையாகவும் நிற்கலாம். இன்னொரு சீட்டில் கட்சிக்கு ஓட்டு. கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதத்துக்கேற்ப அவர்கள் பட்டியலிலிருந்து சபைக்குப் போகிறவர்கள் பி.ஆர். கவுன்சிலர்கள். எத்தெக்வினியில் 111 பேர் அப்படி வந்தவர்கள்.

உங்கள் தெருப் பிரச்சினைக்கு வார்டு கவுன்சிலரிடம் போவதுதான் முறை. ஆனால் அவர் கண்டுகொள்ளவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் பி.ஆர். கவுன்சிலர் வேறு கட்சியாக இருந்தாலும் அவரிடம் போங்கள். அவரும் சபையில் கேள்வி கேட்கலாம். 2021ல் எந்தக் கட்சிக்கும் 222ல் பாதிகூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட சபையில் ஒவ்வொரு குரலுக்கும் எடை உண்டு.

"ரோட்டுல தண்ணி ஒரு வாரமா ஓடுது. சொல்லியும் யாரும் வரல. என்ன செய்றது?"

முதலில் யாருடைய குழாய் என்று பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களையும் இறுக மூடிவிட்டு, மீட்டர் மூடியைத் திறந்து உற்றுப் பாருங்கள். உள்ளே சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் கசிவு மீட்டருக்கு இந்தப் பக்கம், உங்கள் குழாயில். பிளம்பரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும், அந்தத் தண்ணீருக்கு மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரம் அசையவில்லை, ஆனால் வெளியே ஓடுகிறது என்றால் நகராட்சிக் குழாய்.

அடுத்தது பதிவு எண். போனில் சொன்னாலும், ஆப்பில் பதிந்தாலும், சிசகாலா சென்டருக்கு நேரில் போனாலும், அவர்கள் தரும் பதிவு எண்ணை வாங்காமல் முடிக்காதீர்கள். சிசகாலா என்பது பொதுமக்களுக்காக நகராட்சி வைத்திருக்கும் உதவி மையம். எங்கள் தெருவில் ஒரு முறை ரோட்டு விளிம்புக் கல் ஓரமாகத் தண்ணீர் ஒன்பது நாள் ஓடியது. தார் பிளந்து, வழிந்த இடமெல்லாம் பச்சைப் பாசி பிடித்து, எதிர் வீட்டு ஆயா வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அன்று மாலை வீடு வீடாகப் போய் "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்டேன். ஏழு வீட்டில் ஒருவரிடமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம், நானும்தான். அன்றே பதிந்தோம், எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினோம். மூன்றாம் நாள் பள்ளம் தோண்டினார்கள்.

அதனால் சொல்கிறேன்: தேதி, நேரம், பதிவு எண், பேசியவர் பெயர், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு படமும் எடுத்து வையுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த நோட்டுதான் ஆதாரம்.

"கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் அனுப்பிட்டேன். அது போதாதா?"

போதாது. அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் கூடவே மேலே சொன்ன பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். எண் இருந்தால் அவர் அதை வைத்து அதிகாரியிடம் கேட்கலாம். எண் இல்லாமல் "எங்க ரோட்டைப் பாருங்க அண்ணா" என்று வரும் நூறு செய்திகளில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும்.

"வார்டு கமிட்டின்னு ஒண்ணு இருக்காமே. அதுல யாரு இருக்காங்க?"

1998ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டத்தில் வரும் குழு அது. வார்டு கவுன்சிலர்தான் தலைவர். அவரைத் தவிர அதிகபட்சம் 10 பேர் இருக்கலாம். பெண்களுக்கும் வார்டில் உள்ள பல தரப்புகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதியோர், இளைஞர், கோவில்-தேவாலயம்-மசூதி, விளையாட்டு, வியாபாரம் என்று தரப்பு தரப்பாக ஆள் எடுப்பது வழக்கம். இது ஆலோசனைக் குழு. பணம் ஒதுக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. ஆனால் வார்டின் தேவைகள் அதிகாரபூர்வமாகச் சபைக்குப் போகும் வழி இது.

ரேட்பேயர்ஸ் அசோசியேஷன் வேறு. அது குடியிருப்பவர்கள் தாங்களாகவே அமைத்துக்கொள்ளும் சங்கம், கவுன்சிலர் அதற்குத் தலைவர் அல்ல. என் அபிப்பிராயம், ஒரு பகுதிக்கு இரண்டும் வேண்டும். கமிட்டி உள்ளே இருந்து பேசும், சங்கம் வெளியே இருந்து கேட்கும். நம் கோவில் கமிட்டிகளில் கணக்கு எழுதிப் பழகியவர்கள், நூறு பேருக்கு அன்னதானம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வார்டு கமிட்டிக்குப் பெயர் கொடுக்காதபோது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"ரேட்ஸ் எப்படிக் கணக்குப் போடுறாங்க? எங்க வீட்டு மதிப்பை இப்படி ஏத்திட்டாங்களே!"

உங்கள் வீட்டின் சந்தை மதிப்பை ஒரு ரேண்டுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதத்தால் பெருக்கினால் வருவது ஒரு வருட ரேட்ஸ். குடியிருப்பு வீடு என்றால் மதிப்பில் முதல் 15,000 ரேண்டுக்கு ரேட்ஸ் கிடையாது. அது நாட்டுச் சட்டம், நகராட்சி விரும்பினால் இன்னும் கூட்டலாம். ஒரு பேச்சுக்கு மதிப்பு 10 லட்சம் ரேண்ட், விகிதம் 1 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 15,000ஐக் கழித்தால் 9,85,000. வருடத்துக்கு 9,850 ரேண்ட், மாதத்துக்கு 820 ரேண்ட் 83 சென்ட். இது விளங்குவதற்கான கணக்குதான். உண்மையான விகிதத்தை அந்த வருடத்துக் கட்டண அறிவிப்பில் பாருங்கள்.

மதிப்புப் பட்டியலை மெட்ரோக்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை புதிதாகப் போட வேண்டும். புதுப் பட்டியல் வந்ததும் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அதைப் பார்வையிடவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் குறைந்தது 30 நாள் தர வேண்டும். கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். "ரேட்ஸ் அதிகம், கட்ட முடியாது" என்று எழுதினால் அது ஆட்சேபம் ஆகாது. "இந்த வீடு இந்த விலைக்குப் போகாது, காரணம் இது" என்று எழுத வேண்டும். அதே தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலை, சுவர் விரிசலின் படம், பின்னால் சரிந்திருக்கும் மண், வீட்டின் அளவைத் தப்பாக எழுதியிருந்தால் பழைய பிளான், இவைதான் பேசும். நகராட்சியின் மதிப்பீட்டாளர் தரும் முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் ஆட்சேபம் போட்டுவிட்டோம் என்று ரேட்ஸ் கட்டுவதை நிறுத்தாதீர்கள். முடிவு வரும்வரை கட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. எல்லா வீட்டு மதிப்பும் ஏறும்போது சபை அந்தச் சென்ட் விகிதத்தைக் குறைத்தால் பில் அவ்வளவாக ஏறாது. அந்த விகிதத்தை யார், எப்போது முடிவு செய்கிறார்கள் என்பது பட்ஜெட் பற்றிய கேள்வியில் வரும்.

"பென்ஷன்காரங்களுக்குச் சலுகை உண்டாமே?"

உண்டு. விதி பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறலாம், எனவே அந்த வருடத்துக் கொள்கையைச் சிசகாலாவில் கேளுங்கள். விண்ணப்பிக்கத் தயங்கி வருடக்கணக்காக முழுத் தொகை கட்டும் தாத்தாக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகள் இதைக் கவனித்துச் செய்ய வேண்டும்.

"கோவிலுக்கு ரேட்ஸ் கட்டணுமா?"

சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, முதன்மையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கு ரேட்ஸ் போடக்கூடாது என்று 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் சொல்கிறது. அங்கே பணிபுரியும் குருக்களுக்கான அதிகாரபூர்வ வீடும் அதில் அடங்கும். எனவே முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பல பழைய கோவில்களில் நிலம் இன்னும் மறைந்துபோன ஒரு டிரஸ்டியின் சொந்தப் பெயரில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விலக்குக் கேட்டால் சிக்கல்தான். தண்ணீர், கரண்ட் கட்டணங்கள் வேறு. ரேட்ஸ் விலக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

"பட்ஜெட் கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்? எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தானே கூப்பிடுறாங்க?"

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நகராட்சியின் நிதி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதிச் சட்டப்படி வரைவு பட்ஜெட்டை நிதி ஆண்டு தொடங்க 90 நாள் இருக்கும்போதே, அதாவது மார்ச் கடைசிக்குள், சபையில் வைத்துவிட வேண்டும். உடனே அதை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், சபை அந்தக் கருத்துகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். மே கடைசிவாக்கில் ஒப்புதலுக்கு வரும். ஜூலை 1 முதல் புதுக் கட்டணம். ஆக, ஏப்ரலும் மேயும்தான் நம் மாதங்கள். ஜூலை மாதம் பில் வந்த பிறகு வாசலில் நின்று கோபப்படுகிறோம், அதற்குள் கதவு சாத்தியாகிவிடுகிறது.

பட்ஜெட்டோடு ஐ.டி.பி. என்ற வளர்ச்சித் திட்டமும் வரும். சபையின் ஐந்து வருட காலத்துக்கான திட்டம் அது, வருடா வருடம் திருத்துவார்கள். அதில் இல்லாத வேலைக்குப் பணம் ஒதுக்க வைப்பது மிகக் கடினம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அன்றிலிருந்து நாம் எல்லோரும் மழைநீர் வடிகால் பற்றிப் பேசுகிறோம். ஆனால் "எங்கள் தெரு வடிகாலை ஐ.டி.பி.யில் சேருங்கள்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

கூட்டத்தில் பேசும்போது ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். தெருப் பெயர், எத்தனை வீடு, எத்தனை முறை புகார், பதிவு எண்கள், படம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்து, எழுதியதையும் கையில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பேச்சு காற்றில் போய்விடும், தாள் கோப்பில் இருக்கும். சபைக் கூட்டங்களையும் போய்ப் பார்க்கலாம். அவை பொதுமக்களுக்குத் திறந்தவை. பட்ஜெட்டையோ ஐ.டி.பி.யையோ துணைச் சட்டத்தையோ எடுத்துக்கொள்ளும் கூட்டத்தை மூடிய கதவுக்குள் நடத்தச் சட்டம் விடுவதில்லை.

"எனக்கு இங்கிலீஷ் எழுத வராது தம்பி. என் பேச்சை யாரு கேட்பா?"

கேட்டாக வேண்டும். நகராட்சி எழுத்துமூலம் கருத்துக் கேட்கும்போது, எழுத முடியாதவர்கள் அலுவலக நேரத்தில் எங்கே வரலாம், அங்கே ஓர் ஊழியர் அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுப்பார் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். இது 2000ஆம் ஆண்டின் நகராட்சி நிர்வாகச் சட்டத்தில் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

தமிழில் பதில் எழுதித் தரச் சொல்லி வற்புறுத்த முடியாது. தமிழ் இங்கே 12 ஆட்சி மொழிகளில் ஒன்று அல்ல. ஆனால் நாட்டின் அரசியலமைப்பே, 6ஆம் பிரிவில், தமிழைப் பெயர் சொல்லி அதற்கு மதிப்பு உண்டாக்க வேண்டும் என்கிறது. கூட்டத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிப்போக நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சியும் எனக்குத் தெரியாது.

"நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோவிலில் பூசை செய்கிறேன். எனக்கு ஓட்டு இல்லை. கூட்டத்துக்குப் போகலாமா?"

தாராளமாகப் போகலாம் ஐயா. ஓட்டு தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் அதே நிர்வாகச் சட்டம் "உள்ளூர்ச் சமூகம்" என்று சொல்லும்போது இங்கே குடியிருப்பவர்கள், ரேட்ஸ் கட்டுகிறவர்கள், சங்கங்கள், ஏன், வெளியிலிருந்து வந்து இங்குள்ள சேவைகளைப் பயன்படுத்துகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நீங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. மனு கொடுக்கலாம், ஆட்சேபம் எழுதலாம், தகவல் கேட்கலாம்.

"பக்கத்து வீட்டுல மாடி மேல மாடி கட்டி டேவர்ன் ஆக்கப் போறாங்களாம்."

அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று நகராட்சியின் திட்டமிடல் பிரிவில் முதலில் விசாரியுங்கள். நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பித்தால் அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பு வரும், இடத்தில் பலகையும் வைப்பார்கள். ஆட்சேபத்துக்குக் கடைசித் தேதி அதிலேயே இருக்கும். மதுக்கடை உரிமம் வேறு விஷயம், அது மாகாண உரிம அலுவலகம். இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுத வேண்டும். நிறுத்தும் இடம், இரைச்சல், பள்ளி எவ்வளவு பக்கம் என்று காரணங்களை எழுதுங்கள். அந்த ஆளைப் பற்றி எழுதாதீர்கள்.

"சேவையே சரியில்லை. எல்லாரும் சேர்ந்து ரேட்ஸ் கட்டாம நிறுத்தினா வழிக்கு வருவாங்க இல்லையா?"

கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இதைச் செய்யாதீர்கள். குரூன்ஸ்டாட் ஊரில் ராடெமன் என்ற பெண்மணி இப்படித்தான் ரேட்ஸை நிறுத்திவைத்தார். கரண்ட், தண்ணீர்க் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டினார். ஆனாலும் நகராட்சி கரண்டை வெட்டியது. 2013ல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது, அவர் தோற்றார். நகராட்சி எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கலாம், ஒன்றில் பாக்கி வைத்தால் இன்னொன்றை வெட்டலாம் என்பதுதான் தீர்ப்பு.

இதில் நமக்கு உதவும் ஒரு வாசல் உண்டு. பில்லில் ஒரு குறிப்பிட்ட தொகை தப்பு என்று எழுத்தில் தகராறு எழுப்பினால், அந்தத் தொகைக்கு இந்தச் சேர்ப்பு விதி பொருந்தாது. "மொத்தமும் அநியாயம்" என்றால் எடுபடாது. "மார்ச் மாதத் தண்ணீர்க் கணக்கில் இத்தனை கிலோலிட்டர் தவறு, என் மீட்டர் படம் இதோ" என்று எழுதி, மீதித் தொகையைக் கட்டிவிடுங்கள். மீட்டரை மாதா மாதம் ஒரே தேதியில் படம் எடுத்து வைப்பவர்கள் இந்த இடத்தில் ஜெயிக்கிறார்கள்.

"நாங்க வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரர் பில் கட்டல. எங்க கரண்டை வெட்டலாமா?"

சொல்லாமல் வெட்டக்கூடாது. 2009ல் ஜொகன்னஸ்பர்க் குடியிருப்பாளர்கள் தொடுத்த ஜோசப் வழக்கில், வீட்டுக்காரர் பாக்கி வைத்தாலும் குடியிருப்பவருக்கு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. அந்த 14 நாளில் நீங்கள் போய்ப் பேசலாம், ஏற்பாடு கேட்கலாம்.

"வீடு வாங்கி ஆறு மாசம் ஆச்சு. பழைய ஓனர் பாக்கியை என் பேர்ல போட்டிருக்காங்க!"

2017 ஆகஸ்டில் ஜோர்டான் வழக்கில் இதற்கும் முடிவு வந்துவிட்டது. சொத்து உங்கள் பெயருக்குப் பதிவானதும் பழைய உரிமையாளரின் கடன் அந்தச் சொத்தின் மேல் தொடர்ந்து வராது. பழையவரிடம்தான் வசூலிக்க வேண்டும். பதிவு தேதி உள்ள பத்திர நகலை இணைத்து, பில்லில் தகராறு எழுப்புங்கள், முன் சொன்ன அதே முறையில்.

"குழியில விழுந்து கார் ரிம் வளைஞ்சு போச்சு. காசு கேட்கலாமா?"

கேட்கலாம். நடந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். குழியின் படம் (பக்கத்தில் ஒரு செருப்பையோ பாட்டிலையோ வைத்து அளவு தெரியும்படி), இடம், நேரம், பழுது பார்த்த ரசீது, பார்த்தவர் பெயர் வேண்டும். அந்தக் குழி பற்றி முன்பே யாராவது புகார் பதிந்திருந்தால் உங்கள் கோரிக்கை பலமாகும். பதிவு எண்ணைப் பற்றி நான் அவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம். அது நெடுஞ்சாலை என்றால் யாருடைய ரோடு என்று முதலில் கேளுங்கள். என்2 போன்றவை நகராட்சியுடையவை அல்ல.

"எதுக்குமே பதில் வரல. அடுத்து எங்க போறது?"

தகவல் அறியும் சட்டப்படி ஆவணம் கேட்டு விண்ணப்பம் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதைவிட "இந்தத் தெரு வேலைக்கான ஒப்பந்த நகலும் செலவுக் கணக்கும்" என்று கேளுங்கள். தகவல் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான்.

அதற்கும் மேலே, அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் இருக்கிறார். கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், முதலில் நகராட்சியிடமே முயன்று பார்த்தீர்களா என்று கேட்பார்கள். உங்கள் நோட்டு அங்கே பதில் சொல்லும்.

"பிளக்கார்டு பிடிச்சு ரோட்டுல நின்னா அரெஸ்ட் பண்ணுவாங்களா?"

15 பேர் வரை நின்றால் நோட்டீஸ் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி 7 நாள் முன்பு நகராட்சிக்கு எழுத வேண்டும். அது அனுமதி கேட்பது அல்ல, தெரிவிப்பது. நோட்டீஸ் கொடுக்காமல் கூட்டம் கூட்டினார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று 2018ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. ஆனாலும் நோட்டீஸ் கொடுத்துவிட்டே செய்யுங்கள், போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்கும் அது நல்லது. டயர் எரிப்பதற்கும் ரோட்டை மறிப்பதற்கும் எந்தத் தீர்ப்பும் துணை வராது.

"கவுன்சிலர் கூட்டமே போடுறதில்ல. அவரை மாத்த முடியுமா?"

இடையில் நாம் ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைக்க வழி இல்லை. ஆனால் கவுன்சிலர்களுக்கு நடத்தை விதி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தொகுதி மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராமல் போனால் பதவி போகும். புகாரைச் சபையின் சபாநாயகருக்கு எழுதுங்கள், தேதிகளோடு.

வார்டு கவுன்சிலர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் வரும். பி.ஆர். கவுன்சிலர் போனால் கட்சிப் பட்டியலில் அடுத்தவர் வருவார். கடந்த உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1. சபையின் காலம் 5 வருடம், அது முடிந்து 90 நாளுக்குள் அடுத்த தேர்தல், அதாவது 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் நடுவே. 2021ல் நாடு முழுவதும் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 16 வயதிலேயே பதிவு செய்யலாம், 18ல் ஓட்டு. வீடு மாறியிருந்தால் புது முகவரியில் பதிவை மாற்றுங்கள். இந்தத் தேர்தலில் நீங்கள் பதிவு செய்த இடத்தில்தான் ஓட்டுப் போட முடியும்.

"நம்ம ஆளுங்க நாலு பேர் பேசி என்ன ஆகப்போகுது?"

1860ல் நம் முன்னோர் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தார்கள். 1924ல் நேட்டாலில் இந்தியர்கள் நகராட்சி வாக்காளர் பட்டியலில் சேரும் உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த நம் மக்கள் டர்பன் நகராட்சியின் தெருக்களைக் கூட்டினார்கள், குப்பை அள்ளினார்கள். அந்த நகராட்சியில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பிறகு அவர்களையே சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் பொதுவான நகராட்சி ஓட்டு 1996 ஜூனில்தான் இங்கே வந்தது. என் வகுப்புக்கு வரும் ஒரு தாத்தா அந்தப் பாரக்ஸில் பிறந்தவர். முதல் தடவை உள்ளூர்த் தேர்தலில் வரிசையில் நின்ற அன்று அவர் போட்டிருந்த சட்டையை இன்னும் மடித்து வைத்திருக்கிறார்.

நாலு பேரால் ஆனதும் உண்டு. டர்பனின் கிளேர் எஸ்டேட்டில் வீடுகளுக்கு நடுவே 1980ல் திறந்த பிசாசர் ரோடு குப்பை மேட்டை எதிர்த்து சஜிதா கான் என்ற பெண்மணி வருடக்கணக்கில் மனு எழுதினார், ஆட்சேபம் போட்டார், மேல்முறையீடு செய்தார். குப்பை மேட்டு வாயுவைப் பிடிப்பதற்குப் பணம் தரும் தன் கார்பன் திட்டத்திலிருந்து உலக வங்கி அந்த மேட்டை விட்டுவிட்டது. அவர் 2007ல் புற்றுநோயால் இறந்தார். மேடு மூடியது அதற்குப் பல வருடம் கழித்து. இங்கே சாட்ஸ்வர்த்திலேயே 2000ஐ ஒட்டிய வருடங்களில் ஃப்ளாட்களில் வாடகை பாக்கிக்காக ஏழைகளை வெளியேற்ற வந்தபோது, நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராசிரியர் பாத்திமா மீர் அம்மையாரோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"சரி, அடுத்த சனிக்கிழமை உங்ககிட்ட வரேன். என்னென்ன எடுத்துட்டு வரணும்?"

கடைசி மூன்று மாத பில், எல்லாப் பக்கமும். ஐ.டி. நகல். மீட்டரின் இன்றைய படம். வந்த நோட்டீஸ் கவரோடு, ஏனென்றால் தபால் முத்திரைத் தேதி சில நேரம் தேவைப்படும். பதிவு எண்கள் எழுதிய நோட்டு. கண்ணாடியை மறக்காதீர்கள். வகுப்பு பதினொன்றரைக்கு முடியும், அதற்குப் பிறகு மண்டபத்தின் பின்பக்கம், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன்.